கொழுவலும் கழற்றலும்

புகையிரதத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே பேசுவர். அதன் வேகம், அதன் இழுவலி, அது எழுப்பும் ஓசை ஆகிய இவையே இளைஞர் மனத்தைக் கவர்வன. எஞ்சினுக்கும் பெட்டிக்கும், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கிடக்கும் சிறு இரும்புக் கொழுவியை ஏறெடுத்துப் பார்ப்பவர் மிகச் சிலர். அக்கொழுவி இல்லையேல் எஞ்சின் தனித்து ஓடும். பெட்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். பெரிய புகையிரதத்திற்கு உண்மையாகிய இது மேசைமேல் ஓடும் மாதிரிப் புகையிரதத்திற்கும் உண்மையே. இக்கட்டுரை அச்சிறு கொழுவியைப் பற்றியது. யாழ்ப்பாணத்துப் பேச்சிற் 'கொழுவல்' என்றாற் சண்டை என்றும் பொருள்படும். ஈண்டு அப்பொருள் கொள்ளற்க.

இப்பொருளை இம்மலரில் எடுத்துக்கொண்டமைக்குக் காரணமுண்டு. கல்லூரியின் விழாவை முன்னிட்டு மாணவர்க்கு நிலையான நன்கொடை யாது வழங்கலாம் என்று பழைய மாணவர் கூடுமிடங்களிற் பேச்சு நிகழும்போதெல்லாம், பொழுதுபோக்குக் கழகத்துக்கு ஒரு மாதிரிப் புகையிரதப்பாதை அமைத்துக் கொடுக்கலாம் என்னும் யோசனையும் எழுகின்றது. 'அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளன்றோ?' என்று சிலர் முகஞ் சுளிக்கின்றனர். யோசனை நன்று என்பதே என் கருத்து. ஆயினும், எத்தகைய பாதையை அமைக்கப் போகின்றோம், அதில் மாணவன் எதனைச் செய்யப் போகின்றான் என்பவற்றைத் தீர்மானியாது பணத்தைத் திரட்டுதல் வீண்.

விளையாட்டுப் பொருள் என்னும் ஆட்சேபத்துக்கு முதலில் விடை கூறுவேன். வடபகுதிப் பாதை 1905 ஆம் ஆண்டிற் கொழும்புடன் தொடுக்கப்பட்டது. 1956 ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான சேவை போரினால் நின்றது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபரிலேயே மீண்டும் வண்டி யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 ஆம் ஆண்டு ஜனவரியிற் காங்கேசன்துறையை எட்டியது. இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளில் இக்குடாநாட்டிற் பிறந்து வளர்ந்து பள்ளிப்படிப்பை முடித்த ஒரு தலைமுறையினர், வெளியூர் சென்றாலன்றித் தண்டவாளத்தையே கண்டறியார். அவர்களுடைய தந்தையரோ பிளாட்பாரத்தில் நின்று, எஞ்சின் பின்னோக்கி வந்து பெட்டியை முட்டுவதையும், ஒருவர் குனிந்து இரு வண்டிகளுக்கும் இடையே புகுந்து கொழுவியை மாட்டுவதையும் கண்கொட்டாது பார்த்து நின்றவர்கள். நாம் ஏறிச் சென்ற பெட்டிகளிற் பலவற்றின் நுனியில் இருபுறமும் தாங்கிகளும் நடுவே கொக்கியும் திருகுச் சங்கிலியும் இருந்தன. சங்கிலியைத் தூக்கிக் கொக்கியில் இட்டுத் திருகை இறுக்கும் அம்மனிதரின் பெயரை எவரும் கேட்டதில்லை. அவர் செய்த வேலை இன்னதென்று இளையோர் அறிந்துகொள்ள ஒரு மேசைமேற் பாதை உதவுமாயின், அதனை விளையாட்டு என்று தள்ளுதல் முறையன்று.

இனி, அவ்வேலை எத்தகையது என்பதைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க இருப்புப்பாதைகளிற் பெட்டிகளை இணைப்பதற்கு ஓர் இரும்பு வளையமும் ஓர் ஆணியுமே பயன்பட்டன. எஞ்சின் பின்னோக்கி வரும். பெட்டிகளின் நடுவே தொழிலாளி நிற்பான். எதிர்வரும் பெட்டியின் குழிக்குள் வளையத்தைக் கையாற் செலுத்தி, இரண்டும் முட்டும் கணத்திற் கையை விலக்கி ஆணியை இடுவான். கணம் தப்பினால் விரல் போகும்; கால் இடறினால் உயிர் போகும். விரல் குறைந்த கையைக் கண்டே இவன் அனுபவமுள்ள தொழிலாளி என்று அறிந்துகொண்ட காலம் அது என்பர்.

1873 ஆம் ஆண்டில் ஈலை ஜானி என்பவர் புதியதொரு கொழுவிக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். இரு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றுடனொன்று மாட்டிப் பாருங்கள். அதுவே அவர் கண்ட கொழுவியின் வடிவம். இரண்டு பெட்டிகள் மெல்ல முட்டிய அளவில் மடங்கிய விரல்கள் தாமே பூட்டிக்கொள்ளும். கழற்றுவதற்குப் பெட்டியின் பக்கத்தே நின்று ஒரு தண்டைத் தூக்கினாற் போதும். நடுவே மனிதன் புகவேண்டுவதில்லை. இத்துணை நல்ல சாதனம் கைக்கு எட்டிய பின்னரும் அது எல்லாப் பெட்டிகளுக்கும் வந்து சேர ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் சென்றது. பெட்டிகளை மாற்றுவதற்குச் செலவாகும். தொழிலாளியை மாற்றுவதற்குச் செலவில்லை. கணக்கு அவ்வளவே. அயோவா மாநிலத்து விவசாயியாகிய லொரென்சோ கொபின் என்பார் இக்கொடுமையை எதிர்த்துப் பல்லாண்டு வாதாடினார். ஈற்றில் 1893 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2 ஆம் திகதி ஜனாதிபதி பெஞ்சமின் ஹரிசன் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். மோதிய மாத்திரத்தில் தாமே கொழுவிக்கொள்வனவும், மனிதர் இடையிற் புகாமற் கழற்றத்தக்கனவுமான கொழுவிகளே பெட்டிகளில் இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டம்.

சட்டம் வந்ததனால் எல்லாம் முடிந்ததா? இல்லை. மாதிரிப் பாதை அமைக்க விரும்புவோர் யாவரும் அறிந்திருக்கவேண்டிய நிகழ்ச்சி இதன் பின்னரே நிகழ்ந்தது. 1900 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில், யூட்டா மாநிலத்துப் புரொமொன்ரறி என்னுமிடத்திற் சதேண் பசிபிக் கம்பனியின் தொழிலாளி ஒருவர் எஞ்சினை ஓர் உணவுப் பெட்டியுடன் கொழுவுமாறு பணிக்கப்பட்டார். எஞ்சினில் இருந்தது ஜானியின் கொழுவி. உணவுப் பெட்டியில் இருந்தது மில்லர் கொக்கி என்னும் வேறொரு கொழுவி. இரண்டும் தாமே பூட்டிக்கொள்ளும் வகையினவே. ஆனால் ஒன்று மற்றதனுடன் பூட்டாது. ஆதலின் அவர் நடுவே புகுந்து கையால் இணைக்க முயன்றார். மூன்றாம் முறை முயன்றபோது அவர் கை நசுங்கியது. மணிக்கட்டின் மேலே வெட்டி அகற்ற நேர்ந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். எஞ்சினிலும் தானியங்கிக் கொழுவி உண்டு, பெட்டியிலும் தானியங்கிக் கொழுவி உண்டு, ஆகவே சட்டம் நிறைவேறிற்று என்று கீழ் நீதிமன்றங்கள் கையை விரித்தன. 1904 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. கொழுவிகள் தனித்தனியே சிறந்தனவாயிருத்தல் போதாது, ஒன்றோடொன்று தாமே கொழுவுதல் வேண்டும், மனிதர் நடுவிற் புகாதிருப்பதே சட்டத்தின் நோக்கம் என்று அம்மன்றம் கூறிற்று. எழுத்தைப் படித்தவர்களுக்கும் கருத்தைப் படித்தவர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுவேயன்றோ!

இதற்கும் நம் கல்லூரிக்கும் தொடர்பு யாதெனின், கூறுவேன். நன்கொடை பல திசைகளிலிருந்தும் வரும். இலண்டனில் வாழும் அன்பர் ஒருவர் ஆங்கிலேய வண்டித் தொகுதி ஒன்றை அனுப்புவார். அதன் நுனியில் 1950 களில் றை-ஆங் கம்பனியாற் பரப்பப்பட்ட அகன்ற வளைவுக் கம்பியும் கொக்கியும் இருக்கும். ரொறன்ரோவிலுள்ளவர் அனுப்பும் பெட்டிகளில் ஜானியின் விரல்மடிக் கொழுவி நெல்மணியளவிற் சுருங்கி இருக்கும். ஜேர்மனியிலுள்ளவர் அனுப்புவனவற்றில் வளையக் கொழுவி இருக்கும். இவை எல்லாவற்றின் சில்லுகளும் 16.5 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரே தண்டவாளத்தில் நன்கு ஓடும். ஆங்கிலேய வண்டி 76 இல் ஒரு பங்கும் ஏனையவை 87 இல் ஒரு பங்கும் ஆகும் என்பதனால் உருவிற் சிறு வேறுபாடு தோன்றும். அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் ஒன்று மற்றதனுடன் கொழுவாது. புரொமொன்ரறியில் நிகழ்ந்ததே நம் மேசையிலும் நிகழும். மாணவன் நூலாலும் கம்பியாலும் கட்டப் பார்ப்பான், கொழுவி முறியும், பெட்டி அலுமாரிக்குள் ஏறும். ஆதலின், நன்கொடையாளர் எவராயினும், எந்நாட்டவராயினும், பொருளை வாங்குமுன் ஒரே வகைக் கொழுவி என்று கழகம் வரையறுத்து அறிவித்தல் வேண்டும். நுனியிற் பொதுவான பொருத்துகுழி அமைந்த பெட்டிகள் இப்பொழுது கிடைக்கின்றன. அவற்றிற் கொழுவியை மட்டும் இழுத்துக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். அத்தகைய பெட்டிகளையே தேடி வாங்குதல் அறிவுடைமை.

எவ்வகையைத் தெரிவது? ஆங்கிலேயக் கொக்கி உறுதியானது, சிறு பிள்ளைகளின் கைக்குத் தாங்கும். ஆனால் பார்வைக்கு இயற்கையன்று, கையாற் கழற்றுவதும் எளிதன்று. கீழிருந்து தட்டுப்போன்ற கருவியைச் செலுத்திக் கொக்கிகளை உயர்த்தவேண்டும். மூவளையச் சங்கிலியைச் சிறிய கம்பிக் கொக்கியினால் தூக்கி மாட்டும் முறை பழைய ஆங்கிலப் பாதைகளின் மெய்யான முறை, அழகியது, இளைஞர் கண்ணுக்குத் தகும், எம் போன்ற வெள்ளெழுத்துக்காரருக்குத் தகாது. இரண்டையும் நோக்க விரல்மடிக் கொழுவியே கல்லூரிக்குப் பொருந்தும் என்பது என் துணிபு. அது மெய்யான கொழுவியின் வடிவத்தைக் கொண்டது. மேலே கூறிய வரலாற்றை மாணவனின் கண்முன்னே நிறுத்துவது.

இக்கொழுவியைச் சிறுவடிவிற் செம்மைப்படுத்திப் புகழ்பெற்றவர்கள் கீத் எட்வேட்ஸ், டேல் எட்வேட்ஸ் என்னும் அமெரிக்க இரட்டைச் சகோதரர். அவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளே கேடீ என்னும் கம்பனிப் பெயராயின. அவர்கள் அமைத்த முறையிற் கொழுவியின் கீழே வளைந்த உருக்குக் கம்பி ஒன்று தொங்கும். தண்டவாளங்களின் நடுவே காந்தம் இருக்கும். காந்தத்தின் மேல் வண்டி நின்று இழுவை தளர்ந்தவுடன் இரு கம்பிகளும் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இழுபடும், விரல்கள் திறக்கும். எஞ்சின் சற்று விலகி மீண்டும் மெல்லத் தள்ளினால், விரல்கள் பூட்டாது அருகருகே சாய்ந்து நிற்கும். பெட்டியை வேண்டிய இடம்வரை தள்ளிச்சென்று விட்டுவிட்டு எஞ்சின் திரும்பலாம். கண்டோர் வியக்கும் நுட்பம் இது.

வியக்கத்தக்கதேயாயினும், தொடக்கத்திற் காந்தம் வேண்டா என்பேன். இவ்விடத்தில் நண்பர் பலர் என்னோடு மாறுபடுவர். 'காந்தமும் மின்னும் விஞ்ஞானமன்றோ? பொத்தானை அழுத்திய மாத்திரத்திற் கொழுவி விடுபடும் எஞ்சின்களும் இக்காலத்தில் உண்டே! கையாற் கழற்றுமாறு கூறுதல் பின்னோக்கிச் செல்வதாகாதா?' என்பர். பொத்தானை அழுத்தும் பிள்ளை பொத்தானையே கற்கின்றது. பெட்டிகள் ஏன் விடுபட்டன, ஏன் சிலபோது விடுபடவில்லை என்பதை அது அறியாது. இஃதொன்று. மேலும், முதன்மைப் பாதையின் நடுவே காந்தத்தை நிலையாகப் பதித்துவிட்டால், ஓடும் வண்டி அவ்விடத்திற் கணநேரம் தளர்ந்தாலும் வேண்டாத இடத்திற் பிரியும். உருக்கு அச்சுள்ள பெட்டிகளையோ காந்தம் தானே பிடித்து இழுக்கும். இவற்றைத் திருத்தத் தெரிந்த பின்னர்க் காந்தத்துக்கு வரலாம்.

மூங்கிற் குச்சி ஒன்று போதும். நுனியைத் தட்டையாகச் சீவிக்கொள்ளவேண்டும். வண்டியை நேரான பாதையில் நிறுத்துக. வளைவிற் கொழுவிகளின் தலைகள் விலகி நிற்பதனால் அங்கே கொழுவுவதும் கழற்றுவதும் பாழ். எஞ்சினை மயிரிழையளவு பின்னோக்கி நகர்த்தி இழுவையைத் தளர்த்துக. மேலிருந்து குச்சியை இரு விரல்களின் நடுவே இறக்கி மெல்லத் திருப்புக. விரல்கள் விலகும், குச்சியை எடாது எஞ்சினை மெதுவே முன்செலுத்துக. இதில் உயிர்நாடி தளர்த்துதலே. இழுவை உள்ளமட்டும் எந்நாட்டு எவ்வகைக் கொழுவியும் நல்லபடி விடாது. ஆங்கிலேயக் கொக்கியோ இழுக்க இழுக்க மேலும் இறுகும். இதனை அறியாத பிள்ளை இரண்டு பெட்டிகளையும் இரு கைகளாற் பற்றிப் பிய்க்கும். அப்பொழுது கொழுவிப் பெட்டியின் மூடி தெறிக்கும். கண்ணுக்குப் புலனாகாச் சிறு வில் எங்கோ பறக்கும். பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து எடுக்கவேண்டுமாயின் குச்சியாற் கழற்றிய பின் நேர்மேலாகத் தூக்கவேண்டும், சரித்து எடுத்தலாகாது.

கொழுவும்போது மெதுவே செல்லுதல் வேண்டும். மெய்யான புகையிரதத்திற் பெட்டியை முட்டும் வேகம் மனிதன் நடக்கும் வேகத்தினும் குறைந்தது. அதனை 87 ஆற் பிரித்தால் மேசையில் எவ்வளவு என்பதைக் கீழ்வகுப்பு மாணவனே கணிக்கலாம். வினாடிக்கு ஓரிரு சென்ரிமீற்றருக்கு மேற்படாது. இத்துணை மெல்லச் செலுத்துதல் விரைவாகச் செலுத்துதலினும் அரிது. தண்டவாளம் துப்புரவாயிருந்தாலன்றி எஞ்சின் இடையிடையே நின்றுவிடும். நம்மூர் உப்புக்காற்றில் தண்டவாளத்தை அடிக்கடி துடைக்காமல் முடியாது. கொழுவிக்கு எண்ணெய் இடற்க. எண்ணெய் தூசியைப் பிடித்துக் கொழுவியை இறுக்கும். உலர்ந்த கிரபைற்றுத் தூள் சிறிதளவு போதும். கொழுவிகள் யாவும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளவுகருவியால் மாதமொருமுறை பார்த்தல் நன்று. ஒன்று தாழ்ந்திருந்தால், பாதை சற்று மேடுபள்ளமான இடத்தில் ஒரு விரல் மற்றதன் கீழாக வழுவி வண்டி நடுவழியிற் பிரியும். தாழ்ந்ததன் கீழ் மெல்லிய வளையத் தகடொன்று இட்டால் தீரும். தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ற்று மின்னே. அதனாற் கைக்குத் தீங்கில்லை. ஆனால் சுவரிலிருந்து மின்மாற்றிக்கு வருவது 230 வோல்ற்று. மின்மாற்றியைத் திறக்கும் உரிமை ஆசிரியருக்கு மட்டுமே இருத்தல் வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு ஆகாது.

வட்டமாக ஓடும் பாதையை விடச் சிறு பக்கப்பாதை முற்றமே சிறந்தது என்பதற்கும் ஒரு சொல். வட்டப்பாதையில் வண்டி சுற்றிச் சுற்றி வரும். பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ஆலன் றைற் என்னும் ஆங்கிலேயர் அமைத்த 'இங்கில்நூக்' என்னும் முற்றத்தில் மூன்றே பக்கப்பாதைகள். ஒன்று 5 பெட்டிகள் கொள்ளும். மற்றவை ஒவ்வொன்றும் 3 கொள்ளும். 8 பெட்டிகள் உண்டு. சீட்டெடுத்து வரும் 5 பெட்டிகளை, வந்த ஒழுங்கிலேயே தொடுத்து வண்டியாக்குதல் வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை ஒழுங்குடன் தெரியும் வகைகள் 6,720 ஆகும். ஒவ்வொரு வகையும் வேறு கணக்கு. ஒரு மேசை நீளத்துள் அடங்கும் இம்முற்றத்திற் கொழுவலும் கழற்றலுமே ஆட்டம் முழுவதும். மூவர் சேர்ந்து ஆடலாம்: ஒருவன் எஞ்சினைச் செலுத்த, ஒருவன் குச்சியுடன் நிற்க, ஒருவன் ஒழுங்கைத் திட்டமிட்டுக் கட்டளையிட. குச்சிக்காரன் கையை உயர்த்துமட்டும் எஞ்சினை அசைத்தலாகாது என்பது முதல் விதியாக இருக்கட்டும். சிறு பெட்டிகளின் நடுவே இருக்கும் அவன் விரலுக்கு யாதொரு தீங்கும் நேராதுதான். எனினும் அவ்விதி எக்காரணத்தாற் பிறந்தது என்பதை மேலே கூறிவிட்டேன். மூவரும் முறைமாறி ஆடவேண்டும். கட்டளையிடுவதிலேயே விருப்புடைய மாணவர்கள் எக்கல்லூரியிலும் உளர்; அவர்களுக்கு முதலிற் குச்சியைக் கொடுக்க.

ஈற்றில் அலுமாரியைப் பற்றியும் பேசியே ஆகவேண்டும். நன்கொடையாக வந்த கருவிகள் கண்ணாடி அலுமாரியில் வீற்றிருக்க, பரிசளிப்பு விழாவன்று மட்டும் அதன் கதவு திறக்கப்படுவதைப் பல பாடசாலைகளிற் கண்டிருக்கின்றேன். ஆசிரியரைக் குறை கூறுதல் தகாது. உடைந்தால் யார் திருத்துவது, யார் பதில் சொல்வது என்னும் அச்சமே பூட்டாக அமைகின்றது. அவ்வச்சத்தைப் போக்கவேண்டியவர்கள் நன்கொடையாளரே. ஆகவே, பெரிய எஞ்சின்களை அனுப்ப எண்ணும் அன்பர்கள் ஒன்றைக் குறைத்துக்கொண்டு அப்பணத்துக்கு மாற்றுக் கொழுவிகளும் வில்களும் சிறு திருகாணிகளும் பொதி பொதியாக வாங்கி அனுப்புவார்களாக. உடைந்த கொழுவி ஒவ்வொன்றையும் அதனை உடைத்த மாணவனே ஆசிரியர் முன்னிலையில் மாற்றட்டும். அதற்குத் தண்டம் அறவிட வேண்டா. மூங்கிற் குச்சிகளை இங்கேயே சீவிக்கொள்ளலாம்.